ஒரே முகம் கொண்ட இரண்டு அட்டைப்படங்கள்

மெஹருன் அக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கீரனூரில் அவரைத் தெரிந்தவர்கள்தாம் இதை வாசிப்பீர்கள். கூட்டிச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். குறைத்துச் சொன்னால் அவருக்கு அநியாயம்.

செய்தி பஸ்ஸில் வந்தது. அக்கா திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தார். காலையில் அவர் போகும் பஸ்ஸில்தான் நானும் பள்ளி நிறுத்தம் வரை போவேன். அன்று கண்டக்டர் என்னிடம் குனிந்து, "பாப்பா, ஒன்கூட வருவாங்களே, ஸ்கேன் சென்டர் அக்கா, தவறிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். உடனே அக்காவின் ஜன்னல் சீட்டில் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்.

ஐம்பது, அறுபதுகளில் வந்த வாரப் பத்திரிகைகளின் அட்டைப்படங்களை அக்கா சேகரித்தார். அந்தக் காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொள்வார்களாம். அட்டை, வீட்டுப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு உறையாகிவிடும். அதனால் அக்கா வீடு வீடாகப் போய்ப் பழைய பாடப்புத்தகங்களைத்தான் கேட்பார். ஒரு வீட்டில் பைண்டு செய்த தொடர்கதைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். "கதை வேணாங்க, அந்த அறிவியல் புக்கக் குடுங்க" என்றார். நான் கதைகளுக்குக் கை நீட்டினேன். "அதெல்லாம் நீயே வச்சுக்க புள்ள. எனக்கு மேல்தோல் போதும்" என்று சிரித்தார். அந்தப் புத்தகத்தின் உறையைப் பிரித்தபோது, சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்கும் பெண் இருந்தாள். பாவாடையின் மேல் ஒரு பையனின் பெயரும் வகுப்பும் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. மூலையில் ஓவியர் கையெழுத்து இருந்தது.

இரண்டாவது அட்டை, ஒரு லட்சுமி படம், குடுமியான்மலையில் கிடைத்தது. கண்ணாடி உடைந்த சாமி படங்களை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்திருந்த ஒன்று, ஒரு தீபாவளி மலரின் அட்டை. அக்கா அதை எடுத்ததும் ஒரு பெரியவர், "என்னம்மா, சாமி படத்த எடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"நீங்க வேணாம்னுதானே இங்கிட்டு வச்சிருக்கீங்க? மழையில நனையறதுக்கு என் வீட்டுல இருக்கட்டுங்க."

அவர் யோசித்துவிட்டு, "சரி, கால் படாம வைங்க" என்றார்.

வீட்டில் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கத்தினார். "ஏ புள்ள, இங்க பாரு! ரெண்டும் ஒரே பொண்ணு!" உண்மைதான். சைக்கிள் பெண்ணுக்கும் லட்சுமிக்கும் சற்றே ஏறிய அதே இடது புருவம், அதே மோவாய்க் குழி. லட்சுமியை வரைந்தவரின் கையெழுத்தைச் சட்டம் போட்டவர் வெட்டி எறிந்திருந்தார். "பேர வெட்டிட்டாங்க. மூஞ்சிய வெட்டலையே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டுனா, இவருதான் வரைஞ்சாருன்னு யாரும் சொல்லாமலே தெரியும்" என்றார். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு அவரை நான்தான் அழைத்துப்போனேன். தலைமையாசிரியை படங்களைப் புரட்டிவிட்டு, "சாமி படம் மட்டும் போதும். சைக்கிள் பொண்ணெல்லாம் வேணாம்" என்றார்.

"ரெண்டும் ஒரே மூஞ்சிங்க, மேடம்."

"அதுதாங்க பிரச்சினையே!"

அக்கா சைக்கிள் பெண்ணைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "லட்சுமியப் பாக்கட்டும். மத்தத அடுத்த வருசம் கேப்போம்" என்றார்.

கண்காட்சிக்கு வந்த தாய்மார்கள் செருப்பைக் கழற்றிவிட்டு லட்சுமி முன்னால் நின்றார்கள். ஒருவர் கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் குழைத்து லட்சுமியின் நெற்றியில் வைத்தார். "ஐயோ, அது பேப்பருங்க!" என்று அக்கா ஓடினார். "பேப்பரா இருந்தா என்ன, சாமிதானே?" என்று அந்தம்மா கோபித்துக்கொண்டார். சந்தனத்தைத் துடைத்தபோது ஊறிய காகிதமும் உரிந்து வந்தது. புருவத்தோடு பாதி முகம் போய்விட்டது.

போனில் எடுத்த படம் இருக்கிறதே என்றேன். "போன்ல மூஞ்சிய மாத்திட்டேன்னு சொல்லுவாங்க" என்றார். பள்ளியில் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. முன்னால் விளக்கேற்ற இருந்த படத்தை அக்கா கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் குறைப்பட்டார்கள்.

அவர் இறந்தபின் சவுதியிலிருந்து வந்த தம்பி வீட்டைக் காலி செய்தார். சாமி படங்களைப் பள்ளி கேட்டு வாங்கிக்கொண்டது. மற்ற அட்டைகள், நான் பள்ளிவிட்டுப் போவதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. அக்காவின் ஆபீஸ் பையில் இருந்ததால் சைக்கிள் பெண் மட்டும் தப்பினாள். அவள் இப்போது என்னிடம் இருக்கிறாள். அக்கா யாரிடமும் காட்டாத கோபமும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் நான் யாருக்கும் தருவதாக இல்லை.

பள்ளி மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். "தெய்வப் படங்களைப் பக்தியோடு சேகரித்த சகோதரி" என்று தலைமையாசிரியை பேசினார். நான் எழுந்தேன்.

"பக்திக்காக இல்ல, மேடம். வரைஞ்சவரு யாருன்னு காட்டத்தான் சேத்தாங்க."

"சரிம்மா, உக்காரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நான் உட்காரவில்லை. சைக்கிள் பெண்ணை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிறகு விளக்குகளை அணைத்தார்கள்.