மேகன் கேட்ட செம்மண்

என் கணவர் மறைந்து ஐந்து ஆண்டு ஆகிறது. இந்தப் பங்குனியில் அவர் பிறந்த சாயல்குடிப் பக்கம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, மண் எடுக்க.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கணவர் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மருத்துவராக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி மேகன் என்ற ஓவியர். அந்த ஊர் மலைக்கல்லின் சாம்பல் நிறம்தான் அவள் படங்களில் இருக்கும். பிறகு ஓவிய நண்பர்களோடு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குப் போனாள். அங்கே ஆற்றுச் சேற்றைக் கொண்டே துணியில் சித்திரம் தீட்டுகிறார்கள். திரும்பியதும் கடையில் வண்ணம் வாங்குவதை விட்டுவிட்டாள். யாரை வரைந்தாலும் அவர் பிறந்த ஊர் மண்ணைக் குழைத்துத்தான் முகத்துக்கு நிறம். கூடப் போன நண்பர்களும் இன்று மண்ணில்தான் வரைகிறார்கள். இப்போது நினைவிலிருந்து வரையும் என் கணவர் படத்தில் முகம் மட்டும் பாக்கி, அவர் ஊர் மண் வேண்டும் என்று எழுதினாள்.

நான் இப்போது இருக்கும் மதுரையிலிருந்து ராமநாதபுரம் பேருந்தில் இரண்டரை மணி நேரம், அங்கிருந்து சாயல்குடி ஒன்றரை. பிறகு ஆட்டோ. காத்திருந்து திரும்ப ஐந்நூறு ரூபாய். “மண்ணுக்கா இம்புட்டுத் தொலவு? மதுரையில மண்ணுமா தீந்துபோச்சு?” என்றார் ஓட்டுநர்.

கணவரின் பங்கு நிலம் விற்றுப் பல காலமாகிறது. பனைகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று கிடந்தது. குனிந்து ஒரு கை அள்ளினேன். நிலத்தை வாங்கியவரின் மனைவி என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆத்தா, மண்ண அள்ளாதீக. வெலையில கொறை இருந்தா வாயால கேளுங்க. நான் பிள்ளகுட்டிக்காரி.”

மண்ணை வாரித் தூற்றிச் சபிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வயிற்றெரிச்சல் பிடித்த கிழவியாக என்னை யாரும் பார்த்ததில்லை. வேறு காரியமென்றால் கையை உதறிவிட்டுப் போயிருப்பேன். முகம் பாக்கி இருந்தது. நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். மணிக்கட்டை விட்டார்.

“நீங்க அள்ளுனாத்தான் சாபம். நான் அள்ளிக் குடுத்தா சீரு. மடிய ஏந்துங்க.”

கணவர் போனபின் என் மடியில் யாரும் எதுவும் இட்டதில்லை. கொண்டுபோன டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை விரித்தேன்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. பிறர் நிலத்தில் குனியுமுன் கேளுங்கள். மண்ணை வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பலாமா என்று முதலிலேயே விசாரியுங்கள். என்னிடம் முடியாது என்றார்கள். அதனால் குழைத்துத் தாளில் தடவி, உலர்ந்ததும் புகைப்படமெடுத்து அனுப்பினேன். மேகன் அதைப் பார்த்துத் தன் ஊர் மண்ணிலேயே நிறம் சேர்த்து முடித்துவிட்டாள். நல்ல படம்தான். ஆனால் என் கணவர் அவ்வளவு வெளுப்பில்லை.

தாள் என்னிடம் இருக்கிறது. தண்ணீர் தொட்டுத் தடவினால், உலரும் வரை அவர் நிறம் வருகிறது.