கிணற்றுச் சுவரில் கிடைத்த ஆலமரம்

ரோஸி பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். 1934இல் ஒரு நாள், பட்டணத்து அச்சகத்தில் வேலைபார்த்த அவருடைய கணவர் இக்னேஷியஸ், பழைய படப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்தார். ஜப்பானியர் ஒருவர் அகலத் தட்டில் வளர்த்த பைன் மரத்தின் படம் அதில் இருந்தது. உயரம் ஒரு முழம்கூட இல்லை. வயதோ வளர்த்தவரின் தாத்தாவைவிட அதிகமாம். ரோஸி அன்று உலையில் அரிசி போடவே மறந்துபோனார்.

"நம்ம ஊர் மரத்துல இது வராதா?" என்று இக்னேஷியஸைப் பிடுங்கி எடுத்தார்.

சட்டியில் வைத்த வேப்பங்கன்று அழுகிப்போனது. புளியங்கன்று குச்சிபோல் நெட்டையாக வளர்ந்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை பக்கத்துக் கிராமமான நூம்பலுக்குப் போனவர், சம்பத் என்ற விவசாயியின் கிணற்றை எட்டிப்பார்த்தார். உள்சுவரின் செங்கல் இடுக்கில் ஓர் ஆலங்கன்று. சாண் உயரம்தான், ஆனால் தண்டு பருத்து முறுக்கேறி, பெரிய மரத்தின் தோரணையோடு நின்றது. ரோஸி இன்னும் குனிந்து பார்த்தார். பக்கத்தில் சம்பத் அரிவாளோடு நின்றார்.

"இன்னா டீச்சரம்மா அப்டிப் பாக்கறீங்கோ? செவுரப் பொளக்குது. வெட்டப் போறேன்."

"வெட்டாதீங்க அண்ணா! நானே எறங்கி எடுத்துக்கறேன்."

"நீங்களா? பாசி வழுக்கும்மா!"

ரோஸி அதற்குள் புடவையை இழுத்துச் செருகிவிட்டார். இடுப்பில் கயிறு, மறுமுனை சம்பத் கையில். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கற்களில் கால்வைத்து இறங்கி, சம்பத் கொடுத்த கடப்பாரையின் முனையால் செங்கலை நெம்பினார். செங்கல் தண்ணீரில் விழுந்தது. மரம் வேரோடு மடியில் விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் கிணறே அதிர்ந்தது.

குயவரிடம் சொல்லி, அடியில் துளையிட்ட அகலத் தட்டு ஒன்று செய்துவாங்கி அதில் நட்டார். மறுவாரமே இலைகள் எல்லாம் கொட்டிப்போயின. சிரித்துக்கொண்டே கயிறு பிடித்த சம்பத்துக்கே மனம் கேட்கவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம், "துளிர் இட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு காலையில் கிளைநுனியில் சிவப்பாக ஒரு துளிர் முளைத்திருந்தது. அன்று சம்பத் தலைத்துண்டைச் சுழற்றி ஆடியதைத் தெருவே பார்த்தது.

சம்பத்தும் ஒரு கன்று தேடிப் பிடித்தார். நெசவுக்காரர் வீட்டு முத்தம்மாளும் சேர்ந்தார். ஞாயிறு பூசை முடிந்த பிற்பகலில் ரோஸி வீட்டு முற்றத்தில் கூடினார்கள். கிளைகளை நாரால் கட்டி வளைத்தார்கள், எந்தக் கிளையைக் கத்தரிப்பது என்று சண்டைபோட்டார்கள். குட்டிமரச் சங்கம் என்று பெயரும் வைத்தாயிற்று.

மூன்றாம் வருடத்து ஐப்பசி மழையில் ஆலங்கிளையிலிருந்து வெள்ளை நூலாக ஒரு விழுது இறங்கியது. ரோஸி சொல்லியனுப்ப, சம்பத் கொட்டும் மழையில் சைக்கிளில் வந்துசேர்ந்தார். எல்லோரும் தட்டைச் சுற்றிக் குனிந்தார்கள். விழுதின் நுனி மண்ணைத் தொட்டிருந்தது.

"நெசமாலுமே ஊனிக்கிச்சுப்பா!" என்றார் முத்தம்மாள்.

ரோஸி கைதட்டினார், அழுதார், எல்லோருக்கும் காப்பி போட ஓடினார். சேதி பரவி, அடுத்த ஞாயிறு முற்றத்தில் நிற்க இடமில்லை. ஐயப்பன்தாங்கலிலிருந்து பரந்தாமன் என்பவர், கூரை ஓட்டில் முளைத்த அரசங்கன்றை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, இதுக்கு இன்னா பண்ணணும்?"

"மொதல்ல உள்ள வாங்க!" என்று ரோஸி கத்தரிக்கோலை எடுத்தார்.