அளத்துக் கால்

என் மனைவியின் இடது கால் செருப்பு கழன்று தார்ச்சாலையில் கிடந்தது. அது தெரியாமலே அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வரிசையில் எங்கள் முறை வருகிற நேரத்தில், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பவில்லை. நான் தேடிப் போனபோது வாசலைத் தாண்டியிருந்தாள்.

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஏளா, இது யாருது?"

குனிந்து தன் காலைப் பார்த்தாள். தார் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாரு தளந்து போச்சு. நல்லதா ஒண்ணு வாங்கித் தர வழியில்ல, கேள்வி மட்டும் கேக்கீய."

வார் இறுக்கமாகத்தான் இருந்தது.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனர், கயத்தாற்றில் புரோட்டாக் கடை, துறைமுகத்தில் மூட்டை என்று எங்கேயும் தரித்ததில்லை. இந்த முறை வீட்டுக்கு வந்தபோது அவள் பாதத்தில் சிப்பி ஓடு ஒன்று ஏறியிருந்தது. நான் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அதைப் பிடுங்கியபோது, மீன் வாங்கியாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அது நோயில்லை, அளத்துக் கால் என்பாள். உப்புத்தண்ணியில் நிற்கிற கால் மரத்துத்தான் போகுமாம். கூட வேலை செய்யும் பெண்களிடம் கேட்டேன்.

"எங்களுக்கும் அப்படித்தான் அண்ணாச்சி," என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. அதான் நல்லா இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எது உப்பு, எது வியாதி என்று எனக்குப் பிடிபடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

"எங்க அக்கா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனா. சுகருன்னாங்க. வரும்போது ரெண்டு விரலு இல்ல."

"விரல எடுத்தது சுகரு. ஆஸ்பத்திரியா எடுத்துச்சு?"

"யாரு எடுத்தா என்ன. போனது அக்கா விரலுதான?"

அவள் சொல்லும்போது அது சரியாகப் பட்டது. அவள் காலைப் பார்த்தால் சரியாகப் படவில்லை.

"உப்புதான்னு எப்படிச் சொல்லுத?"

"நீங்க ஒரு மாசம் அளத்துக்கு வந்து மிதிச்சுப் பாருங்க. உங்க காலு மரக்கலன்னா நானே போயி வரிசையில நிக்கேன். அதுக்குள்ள எந்த லாரியிலயாவது ஏறிருவீய."

வாக்குக் கொடுக்கிறாளா, தட்டிக் கழிக்கிறாளா என்று தெரியவில்லை. அவள் வருஷக்கணக்காக நின்ற தண்ணீரில் நான் கொஞ்ச நாள் நின்று என்ன தெரியப்போகிறது? அதற்குள் அவள் கால் என்ன ஆகும்? ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. மீன் வாங்குவதுபோல் பேரம் பேசினேன்.

"ஒரு வாரம்."

"சரி, ஒரு வாரம். செருப்பு போடக் கூடாது."

"அதுவரைக்கும் தினமும் உன் கால நான் பாப்பேன்."

"பாருங்க. காசா கேட்டேன்?"

மறுநாள் விடியுமுன் அவளோடு அளத்துக்குப் போனேன். கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, இங்கனயே நிப்பியா, இல்ல பாதியில ஓடிருவியா?"

"நிக்கேன் அண்ணாச்சி."

உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுத்தார். பாத்தியில் இறங்கினேன். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி முழங்கால் வரை சுண்டியது. தலையில் உப்புப் பெட்டியோடு வரப்பில் வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எரியுதா?"

"எரியுது. உனக்கு?"

"புதுக்காலு. அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

ஆனால் உடனே போகவில்லை. தலையில் பாரம் இருந்ததால் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. எரிகிறதா என்று பாதத்தை வரப்பில் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு நடந்தாள். நான் வாரத் தொடங்கினேன்.