வெண்ணெய்க்கால் மலையேறிய கதை

டெப்போவில் அவளுக்கு வெண்ணெய்க்கால் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டினாள். அவள் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கும் பயணி கம்பியைத் தேட வேண்டாம், மடியில் தூங்கும் குழந்தை புரண்டுகூடப் படுக்காது. வண்டி நின்றதே தெரியாமல் இறங்கும் இடத்தைத் தவறவிட்டுவிட்டு அவளைத் திட்டியவர்களும் உண்டு. அந்தத் திட்டை அவள் பதக்கம் மாதிரி வாங்கிக்கொள்வாள்.

அந்த வண்டிக்குக் கண்டக்டர் அவளுடைய நாத்தனார். வீட்டில் இரண்டு பேருக்கும் ஆகாது. அடுப்பைத் துடைக்கும் துணி எது, பாத்திரம் துடைக்கும் துணி எது என்பதில் ஆரம்பித்து பொழுது சாயும் வரை போவார்கள். இவர்களை ஒரே வண்டியில் போட்ட புண்ணியவான் யார் என்று டெப்போவே கேலி செய்தது. ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் கதை வேறு. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். பின்படியில் யார் கால் வைத்திருக்கிறார்கள், யார் பாதி இறங்கியிருக்கிறார்கள் என்பது முன்னால் இருப்பவளுக்குத் தெரியாது. பின்னால் இருப்பவளின் மூச்சை நம்பித்தான் ஓட்ட வேண்டும். இரட்டை விசில் வராமல் வண்டியை நகர்த்துவதைவிடப் பெரிய பாவம் டிரைவருக்கு இல்லை. வெண்ணெய்க்கால் அந்தப் பாவத்தைச் செய்ததே இல்லை. வீட்டில் நாத்தனார் பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவள், வண்டியில் அவள் ஊதினால் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் முதலில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் உட்பட. நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் கால் வைத்திருக்கிறவளுக்கு எறும்பு ஊராமல் என்ன செய்யும் என்றாள். படுத்தால் பாதம் தணலில் வைத்தது போல எரியும். காலையில் தரையில் கால் வைத்தால் பஞ்சுமேல் நிற்பது போலிருக்கும். சர்க்கரை இருப்பது தெரியும், மாத்திரை நினைவு வந்தால் போடுவாள்.

ஒரு மதியம், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் தயங்கித் தயங்கி, "அம்மா, உங்க செருப்பு இங்க கிடக்கு" என்றாள். வெண்ணெய்க்கால் குனிந்து பார்த்தாள். அவள் வலது கால் வெறுங்காலாக பிரேக்கின்மேல் இருந்தது. எப்போது கழன்றது, எத்தனை நிறுத்தத்தில் இப்படியே மிதித்தாள், ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டினாள். பயணிகளைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிடச் சொன்னாள். சாவியைக் கொண்டுபோய் மேலாளரின் மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு பிரேக் தெரியல சார். இனிமே நான் ஓட்டக் கூடாது."

மேலாளர் நல்ல மனிதர். ஒரு மாதம் லீவு போடு, மருந்து சாப்பிடு, சரியாகிவிடும் என்றார். கால் மரத்தவள் ஓட்டுகிற வண்டியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றுவீர்களா என்று அவள் கேட்டாள். அவர் சாவியை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

சர்க்கரை கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். போன உணர்ச்சி திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வை, நட, ஆனால் கால் உனக்கு வலியைச் சொல்லாது, அதனால் தினமும் கண்ணால் பார் என்றார். அதில் 'நட' என்ற சொல் இவள் காதில் விழுந்தது. வீட்டுக்காரர்கள் காதில் 'வலியைச் சொல்லாது' என்பது மட்டும் விழுந்தது.

அன்றிலிருந்து வீடு அவளை உட்காரவைக்கப் பாடுபட்டது. டெப்போ அவளை வண்டி நேரம் அறிவிக்கிற விசாரணைக் கூண்டுக்குள் மைக்கின் முன்னால் உட்காரவைத்தது. வீட்டுக்கு வந்தால் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கால் வைக்க ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை, எடுத்துக் கொடுக்க ஆள். முக்கால்வாசி நேரம் அந்த ஆள் நாத்தனார்தான். சண்டை போடக்கூட அண்ணி எழுந்து வரவேண்டாம் என்று, அவள் இருக்கும் இடத்துக்கே வந்து போட்டாள்.

"என்னை என்ன கொலு பொம்மைன்னு நினைச்சுட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு வெண்ணெய்க்கால் முக்காலியை மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள்.

டெப்போவில் ஞாயிறுதோறும் மலை ஏறுகிற கூட்டம் ஒன்று இருந்தது. மெக்கானிக்குகள், டிரைவர்கள், தொப்பையைக் குறைக்க வந்த ஒன்றிரண்டு பேர். ஊர் ஓரத்து மலை, உச்சியில் ஒரு டவர். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பினால் அந்த மலை முன்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இத்தனை வருடம் கண்ணாடி வழியாகப் பார்த்ததை இனி நேரில் பார்க்கலாம் என்று அவள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள்.

வண்டி எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறவள் அவள். காலையும் அதே ஒழுங்கில் கவனித்தாள். விடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்ப்பாள், விரல் இடுக்குகளைப் பார்ப்பாள். ஷூவைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவிய பிறகுதான் போடுவாள். வெள்ளைச் சாக்ஸ்தான், ரத்தம் கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. இரண்டு கையிலும் ஊன்றுகோல். கால் சொல்லாததைக் கோல் சொல்லும். ஆடும் கல்லில் ஊன்றினால் ஒரு சத்தம், மண்ணில் பதிந்த கல்லில் ஊன்றினால் வேறு சத்தம். முதலில் அடிவாரம், பிறகு முதல் வளைவு, பிறகு பாதி வழியில் இருக்கும் தண்ணீர்த்தொட்டி. இந்த ஞாயிறு உச்சி என்று வீட்டில் அறிவித்தாள்.

கணவர் ஒரு நிபந்தனை போட்டார். தங்கை கூடவே வருவாள். விசில் அவள் கையில் இருக்கும். அவள் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும். உச்சி வரை போக முடியாமல் திரும்பி வந்தால் மலைப் பேச்சு அன்றோடு முடிந்தது. வெண்ணெய்க்கால் உடனே சம்மதித்தாள். விசிலுக்குக் கட்டுப்படுவது அவளுக்கு ஒரு பாரமா?

ஏறுவது நன்றாகவே போனது. இவள் முன்னால், நாத்தனார் பின்னால். மூச்சு வாங்கினாலும் நாத்தனாரின் வாய் ஓயவில்லை. பஸ் போகாத இடத்துக்கு மனுஷர் ஏன் போக வேண்டும் என்பது அவளுடைய நியாயமான சந்தேகம். தொட்டியருகே வந்ததும் ஒரு விசில் ஊதினாள். வெண்ணெய்க்கால் நின்றாள்.

முட்டி வலிக்கிறது, கொஞ்சம் உட்காரலாம் என்றாள் நாத்தனார். எப்படியும் இங்கே காலைப் பார்ப்பதுதான் ஏற்பாடு. வெண்ணெய்க்கால் பாறைமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். நாத்தனார் எப்போதும்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய்க்கால் எழுந்து நின்றாள். விசில் வரவில்லை. கூட்டம் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டது. தலைமை மெக்கானிக் திரும்பிப் பார்த்து, வரவில்லையா என்று கேட்டார்.

"நீங்க போங்க, நாங்க இப்படியே இறங்கறோம்" என்று நாத்தனார் கையை ஆட்டினாள்.

"யாரு இறங்கறது?" என்றாள் வெண்ணெய்க்கால்.

நாத்தனாருக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும், சில்லறை இல்லை என்று அடித்துச் சொல்லத் தெரியும், அண்ணியிடம் மட்டும் பொய் சொல்லி நிற்கத் தெரியாது. எல்லாம் வெளியே வந்துவிட்டது. தொட்டி வரை கூட்டிக்கொண்டு போ, அங்கே ஊதி நிறுத்து, அதற்குமேல் இரண்டு ஊதாதே, நீ ஊதாமல் அவள் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெண்ணெய்க்காலுக்கு முகம் சிவந்தது. தடுத்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பாள். இவர்கள் அவளுடைய ஒழுங்கையே கயிறாகத் திரித்து அவளைக் கட்டியிருக்கிறார்கள்.

"ஆள் ஏறணும், இல்ல இறங்கணும், இல்ல ஆபத்து இருக்கணும். அப்பத்தான் ஊதணும். சும்மா ஊதறதுக்கு நீ என்ன கண்டக்டர்?"

"ஆபத்து இருக்கு அண்ணி." நாத்தனார் குரல் இறங்கியது. "எங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு சின்னக் கொப்புளம். அண்ணனும் நானும்தான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தோம். முட்டிக்குக் கீழ இல்லாமத்தான் வெளிய கொண்டு வந்தாங்க."

தெரியும். அந்தக் கதை வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த கதை. அண்ணனும் தங்கையும் யாருடைய பாதத்தையும் பார்க்கமாட்டார்கள். செருப்புக் கடைக்குப் போனால்கூடக் கூரையைப் பார்ப்பார்கள்.

"நடந்ததாலயா போச்சு அவர் கால்? கொப்புளத்தை ஒருத்தரும் பாக்கல, அதனால போச்சு" என்றாள் வெண்ணெய்க்கால். "நீ இன்னிக்கு வரைக்கும் என் காலைப் பாத்திருக்கியா?"

வெண்ணெய்க்கால் மறுபடி உட்கார்ந்து இரண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினாள். பார் என்றாள். நாத்தனார் வெகுநேரம் ஊரையே பார்த்தாள். பிறகு மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, டிக்கெட் பரிசோதகர் வந்து நின்ற மாதிரி விறைப்பாகக் குனிந்தாள். ஒவ்வொரு விரலாக விலக்கினாள். குதிகாலைத் தூக்கினாள். இடது சுண்டுவிரலின் அடியில், கண்ணாடிக்கு எட்டாத மடிப்பில், அவள் விரல் நின்றது.

"இங்க சிவந்திருக்கு."

வெண்ணெய்க்காலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் பார்க்கிற கால், இப்போதுதான் பார்த்து மூடிய கால். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இருந்தது. சாக்ஸின் தையல் உரசிய தடம். தோல் கிழியவில்லை, கொப்புளமும் இல்லை.

"பாத்தீங்கல்ல? வாங்க, இறங்குவோம்." வெற்றியா பயமா என்று நாத்தனாருக்கே தெரியாத குரல்.

"இறங்கினாலும் இந்தக் கால்லதான் இறங்கணும். நீ தூக்கிட்டுப் போவியா?"

"உங்களையா? அதுக்கு கிரேன் வரணும்."

"அப்ப பிளாஸ்திரியை எடு."

சுண்டுவிரலுக்கு மெத்தென்று பிளாஸ்திரி சுற்றினார்கள். தையல் வெளியே வரும்படி சாக்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஷூ நாடாவைத் தளர்த்திக் கட்டினாள். எழுந்து இரண்டு கோலையும் ஊன்றினாள்.

"கிழிஞ்சிருந்தா நீ சொல்ல வேண்டாம், நானே இறங்கியிருப்பேன். யாரும் கேக்காம சாவியைக் குடுத்தவ நான். எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். ரைட் குடு."

"அண்ணன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சரி. நீ உன் சத்தியத்தைக் காப்பாத்து."

சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள். விசில் இல்லாமல். முதல் அடி வைக்கும்போது முதுகு கூசியது. படியில் யாரோ பாதி ஏறி நிற்கிறார்கள், இதோ விழப்போகிறார்கள் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இரண்டாம் அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குள் பின்னாலிருந்து வசவு கிளம்பியது. ரூல் தெரியாத டிரைவர், வயசான காலத்தில் புத்தி கெட்டவள், அண்ணன் தலையெழுத்து என்று அது நீண்டது. வசவோடு சேர்ந்து காலடிச் சத்தமும் வந்தது. வலிக்கிற முட்டிக்கு அது கொஞ்சம் வேகமான நடைதான்.

தொட்டிக்கு மேலே பாதை சரளையாக இருந்தது. வெண்ணெய்க்கால் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் மலையைப் பார்த்து ஏறுவார்கள், அவள் அடுத்த கல்லைப் பார்த்து ஏறினாள். கோலை ஊன்றி, சத்தம் கேட்டு, பாதத்தை எங்கே வைக்கிறோம் என்று கண்ணால் பார்த்து வைத்தாள். ஓரிடத்தில் தடுமாறி ஒரு பக்கமாக உட்கார்ந்தும்விட்டாள். நாத்தனார் கை கொடுக்க வந்தபோது, வேண்டாம், முதலில் காலைப் பார் என்றாள். ஒவ்வொரு வளைவிலும் நாத்தனார் ஷூவைக் கழற்றவைத்தாள். தொட்டியருகே இருந்த கூச்சம் மூன்றாவது வளைவில் போய்விட்டது. நகத்தை ஏன் இவ்வளவு ஒட்ட வெட்டினீர்கள் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கூட்டம் எதிரே இறங்கி வந்தது. மேலே காற்று பலமாக இருக்கிறது, பார்க்கவும் ஒன்றுமில்லை, எங்களோடு வந்துவிடுங்கள் என்றார் தலைமை மெக்கானிக். கரிசனமாகத்தான் சொன்னார். "வழி விடுப்பா, ஏத்தத்துல வர்ற வண்டிக்குத்தான் முதல்ல வழி" என்றாள் வெண்ணெய்க்கால். அவர் ஒதுங்கி நின்றார். அவரோடு மற்றவர்களும் பாறையோடு ஒட்டி நின்றார்கள்.

மேலே உண்மையாகவே ஒன்றுமில்லை. கம்பி வேலி, பூட்டிய அறை ஒன்று, டவரில் மோதி ஊளையிடும் காற்று. வெண்ணெய்க்கால் வேலியைக் கையால் தொட்டுவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்தாள். நாத்தனாரின் போன் அடித்தது.

அண்ணன்தான். எங்கே இருக்கிறீர்கள், தொட்டியிலா, கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார். மேலே இருக்கிறோம் என்றாள் தங்கை.

"யாரு ரைட் குடுத்தா?" என்றார் அவர்.

"யாரும் குடுக்கல. அண்ணியே எடுத்துட்டாங்க."

"கால்?"

"நான் பாத்தேன்ணா. வளைவுக்கு வளைவு பாத்தேன். சுண்டுவிரல்ல கொஞ்சம் சிவப்பு, பிளாஸ்திரி போட்டிருக்கேன், கிழியல." நாத்தனார் போனை மறு காதுக்கு மாற்றினாள். "அந்த இடம் கண்ணாடியில தெரியாது. அவங்களால பாக்க முடியாது. நாளையிலேர்ந்து காலையில நீதான் பாக்கணும்."

அவர் என்னவோ முனகினார். வெண்ணெய்க்கால் கையை நீட்டி போனை வாங்கினாள்.

"அடுத்த ஞாயிறும் வருவேன். தையல் இல்லாத சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கி வைங்க, வெள்ளையா பாத்து" என்றாள்.

வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்றார் அவர்.

"பேசறதுக்கு என்ன இருக்கு? கடை சாத்தறதுக்குள்ள போங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஏறுவதைவிட இறங்குவது கடினம், மரத்த காலுக்கு அது இன்னும் கடினம், வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கோல்களைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதல் கல்லைத் தட்டிப் பார்த்தாள்.