பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

இந்த ஊரில் வேலை போனவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள். நான் கலிபோர்னியா வந்த இரண்டாவது வருடம், இரண்டாயிரத்து ஒன்றில், எங்கள் பிரிவையே மூடினார்கள். பக்கத்து மேஜை டாம் தன் கள்ளிச்செடியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, "ஒரு மாசம் மீன் பிடிக்கப் போறேன். அப்புறம் வேற வேலை பார்த்துக்கலாம்" என்றார். வேலை அவருக்கு வாடகை வீடு மாதிரி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அப்படியில்லை. அண்ணன் பத்தொன்பது வயதில் மறைமலைநகர் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அதே கம்பெனி பஸ், அதே ஜன்னலோர இடம். நான் டிப்ளமோ முடித்து, மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியைப் படித்து, இங்கே வந்தேன். டாம் மீன் பிடிக்கலாம். எனக்கு வேலை போனால் விசாவும் போகும்.

விண்ணப்பம் போட்டு ஓய்ந்திருந்தபோது ஆயுதபூஜை வந்தது. வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தோம். அப்படி வைத்ததை விஜயதசமி காலை சூடம் காட்டித்தான் எடுப்போம். அதுவரை தொடமாட்டோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு கம்பெனியிலிருந்து லிண்டா என்ற மேலாளர் போன் செய்தார். சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி இன்றே அனுப்ப வேண்டும், நாளை ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் பூஜையில் இருக்கிறது, நாளை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"ஓ, ரிப்பேரா? சீக்கிரம் சரியாகட்டும். ஆனா எனக்கு இன்னிக்கே வேணும்."

மனைவி செல்வியிடம் சொன்னேன். "வேலை குடுக்கிறதும் பெருமாள்தான், தொடாதன்னு சொல்றதும் அவருதான். நீங்களே அவரைக் கேளுங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பகலெல்லாம் உட்கார்ந்து புரோகிராமைத் தாளில் எழுதினேன். நல்லவேளை, பேனாவைப் பூஜையில் வைக்க மறந்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு, வெயில் இறங்கும்போது, மனம் தாங்காமல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, குரலு டல்லா கீது?"

சொன்னேன்.

"அட பேஜாரு புடிச்சவனே. இங்க விடிஞ்சி விஜயதசமி ஆயிட்சிடா. இப்பதான் சூடம் காட்டி வண்டி சாவிய எடுத்தேன். நம்ம பெருமாளு செங்கல்பட்டு நேரந்தான் பாப்பாரு. போய் எடு."

சூடம் காட்டிக் கும்பிட்டு எடுத்தேன். விரலெல்லாம் குங்குமம் ஒட்ட, தட்டி அனுப்பினேன். வேலை கிடைத்தது. முதல் நாளே லிண்டா, "கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஆயிற்று என்றேன். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வேலையும் மூன்று வருடம்தான். பிறகு இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். கம்ப்யூட்டர் வேலை நிரந்தரமா என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனால் இன்னொன்று வரும் என்று சொல்லத் தைரியம் வந்திருக்கிறது. பாதி டாம் கொடுத்தது, பாதி பெருமாள் கொடுத்தது.

இப்போதும் ஒவ்வொரு ஆயுதபூஜை மாலையும் அண்ணன் போன் வரும். "எடுத்துட்டோம்டா." நான் எழுந்துபோய்ச் சூடம் ஏற்றுவேன். ஜன்னலுக்கு வெளியே நேற்றைய வெயில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். என் கையிலிருக்கும் சூடத்தட்டில் மட்டும் விடிந்திருக்கும்.