வலியில்லாத சிவப்பு

விடியற்காலையில், நீராடிப் பதிகம் ஓத அமர்வதற்கு முன், கழிப்பறையில் என் சிறுநீரில் சிவப்பைக் கண்டேன். அஞ்சவில்லை. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு அது புதிதன்று. நானும் என் தம்பியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தொட்டியில் கை நனைத்தவர்கள். புளிப்பு போதுமா என்று சாயத்தண்ணீரை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்போம். எச்சில் பச்சையாகும், வியர்வை மஞ்சளாகும். உள்ளே போனது வெளியே வந்துவிட்டது என்று அதை நல்ல அறிகுறியாகவே கொண்டோம்.

மூன்றாம் நாளும் கண்டபோது, சாயம் இறங்குகிறது என்று மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏங்க, நீங்க பட்டறைக்குப் போறத நிறுத்தி ஆறு வருசம் ஆவுது. இன்னும் எந்தச் சாயம் வந்துகினு இருக்குது?"

சிறுநீர்ப்பையில் கட்டி என்றார் வேலூர் மருத்துவர். சில சாயத்தூள்கள் உடலுக்குள் உருமாறிச் சிறுநீரோடு இறங்கி, பையில் மணிக்கணக்கில் தங்குமாம். அதன் உட்சுவரில் உள்ள செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்குமாம். பெரும்பாலான சிதைவைச் செல்லே செப்பனிட்டுக்கொள்ளும். மிகவும் சிதைந்தது மடிந்துவிடும்.

"மடியறது பரவாயில்லைங்க ஐயா," என்றார். "பழுதோட பொழைச்சிக்கினு, அந்தப் பழுதையே படியெடுத்துப் பெருகுது பாருங்க, அதுதான் புற்று. வெளிய தெரியப் பல வருசம் ஆவும்."

இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்திவிடுவார். சேலையில் பூ விழவைக்கும் துளையிட்ட பூ அட்டையில் ஒரு துளை தவறினால் தறி நிற்காது. பூவுக்குப் பூ அதே பிழை விழும். நான் தொழிலை விட்ட பின்னும் எனக்குள் அப்படியொரு தறி இருட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் உண்டபோதும், உறங்கியபோதும், கோயிலில் கைகூப்பி நின்றபோதும். இவ்வுடல் எனதன்று என்று நாள்தோறும் ஓதியிருக்கிறேன். அதைப் பணிவு என்று எண்ணியிருந்தேன். அன்று அது வெறும் செய்தியாகக் காதில் விழுந்தது.

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். மீண்டும் வரலாம், மூன்று மாதத்துக்கொருமுறை உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். ஊர் திரும்பியதும் தம்பியின் பட்டறைக்குப் போனேன். அவன் இன்னும் தொழிலில் இருக்கிறான். ஆவிக்கு நடுவே, கழியில் தொங்கிய நூலைத் திருப்பியபடி சிரித்தான்.

"வாண்ணா. உன்னையும் அலசிக் காயப்போட்டாங்களா?"

"வெளையாடாதடா. இனிமே நாக்குல வெக்காத. கையுறை போடு. செவப்பா போனா உடனே சொல்லு."

"செவப்பு, பச்சை, ஊதா எல்லாந்தான் போவுது. எதைன்னு வந்து சொல்றது?"

அவன் நூலை இரண்டு முறை திருப்பினான். பிறகு என் முகத்தைப் பாராமல் கேட்டான்.

"உனக்கு வலி இருந்திச்சாண்ணா?"

"இல்லடா. துளிகூட இல்ல."

கழி அவன் கையில் நின்றது. தொட்டியில் நீலம் கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த நூலும் நீலம். சுவரில் கரியால் எழுதிய கணக்கில் பத்து நாளாக நீலம் மட்டுமே; சிவப்பு ஏறவேயில்லை.

"எனக்கும் வலிக்கலண்ணா," என்றான்.