ஓக்வாவின் ‘அடுத்து’ பொத்தான்

கொரியாவின் மொக்போ ஊரில், சாப்பிடுகிற கடற்பாசித் தாளை உலர்த்தும் இயந்திரம் செய்கிற கம்பெனி எங்களுடையது. இயந்திரத்தின் திரையில் ‘உதவி’ என்று தட்டினால் வருகிற பக்கங்களைப் பார்த்துக்கொள்வது மேங் ஓக்வா. நாற்பத்திரண்டு வயது. ஒப்பந்த வேலை, டிசம்பரோடு முடிகிறது.

துவக்குவது, ஓட்டுவது, கழுவுவது, பழுது பார்ப்பது என்று பிரிவுக்கு ஒன்றாக நான்கு கோப்புகள். நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, ‘அடுத்து’ பொத்தானை அமுக்கிக்கொண்டே போனால் கடைசிவரை படிக்க முடிய வேண்டும். கடற்பாசி ஆலைக்காரர்கள் சங்கத்தில் நடக்கும் செயல்விளக்கத்தில், ஆலைக்காரர் ஒருவர் யாரையும் கேட்காமல் அதைப் பார்த்தே ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

சோதித்துப் பார்க்க என்னை உட்காரவைத்தாள். நான் ஃபிட்டர், ஆறாவதோடு நின்றவன். எனக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று நினைத்திருக்கிறாள். கோபம் வந்தது, உட்கார்ந்தேன்.

‘மோட்டாரைப் போடவும்’ என்றது முதல் பக்கம். ‘அடுத்து’ பொத்தானை அமுக்கினேன். ‘பெல்ட்டைக் கழற்றக் கையை உள்ளே விடவும்.’

“ஓக்வா, எனக்கு இருக்கிறதே ரெண்டு கைதான்,” என்றேன்.

நான்கு கோப்பிலும் பக்க எண் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. சேர்த்ததும் எல்லா ஒன்றும் ஒரு கூட்டம், எல்லா இரண்டும் ஒரு கூட்டம் என்று கலந்துவிட்டன. கோப்புக்கு நூறு எண்ணாகப் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். முதல் நூறு யாருக்கு என்பதில்தான் வம்பு.

பன்றி இறைச்சி சுடுகிற கடையில் நான்கு பிரிவுத் தலைவர்களும் பிறந்த வருடத்தைச் சொல்லி வரிசை போட்டார்கள். பழுதுப் பிரிவு தாக் ஐயா மூத்தவர், முதல் இடம் அவருக்கு. துவக்கப் பிரிவு இயோவுக்கு முப்பத்தெட்டு, அவன் கடைசி.

“அப்ப வாங்குறவன் மொதல்ல ரிப்பேர் பண்ணிட்டு அப்புறம் ஆன் பண்ணணுமா?” என்று கேட்டேன்.

“நம்ம மெஷின்ல அதுதானப்பா நடக்குது,” என்றார் தாக் ஐயா. ஓக்வா எல்லோருக்கும் சோஜு சாராயம் ஊற்றினாள்.

மறுநாள் திரையின் இடப்பக்கப் பட்டியலில் தாக் ஐயா முதலில் இருந்தார். தலைவர்கள் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார்கள். நான் பொத்தானை அமுக்கினேன். இயோவின் பக்கத்தில் ஆரம்பித்து ஒழுங்காக ஓடியது.

“பட்டியல் வேற, பொத்தான் வேற அண்ணே. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது,” என்றாள்.

செயல்விளக்கத்தில் போங் அம்மா என்கிற ஆலைக்காரக் கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்து, அடுத்து என்று அமுக்கினாள். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடற்பாசித் தாள் மொறுமொறுவென்று வந்து விழுந்தது. இயக்குநர் தலையை ஆட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். தாக் ஐயா தன் பக்கங்களைக் கிழவிக்குக் காட்டப் போனார். கடைசிப் பக்கத்தில் பொத்தான் சாம்பல் நிறமாகி நின்றுவிட்டது. எத்தனை குத்தியும் நகரவில்லை.

“எனக்கு அப்புறம் ஒண்ணுமே வரல. என்னையா கடைசியில போட்ட?”

இயக்குநர் தலையை ஆட்டுவதை நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன்.

ஓக்வா குனிந்து நின்றாள். “சின்னவங்க எல்லாம் பேசி ஓஞ்ச பிறகுதானே ஐயா பெரியவங்க முடிச்சு வைக்கணும். உங்க பேச்சுக்கு மேல ஒரு பக்கம் வைக்க எனக்குத் தைரியம் வரல.”

தாக் ஐயா அந்தச் சாம்பல் பொத்தானைப் பார்த்தார். இன்னொரு தடவை குத்தினார். பிறகு இயக்குநரிடம் திரும்பி, “இவளை அனுப்பிட்டா இதெல்லாம் யார் பாக்குறது?” என்றார்.

ஜனவரியிலிருந்து நிரந்தரம் என்று இயக்குநர் அங்கேயே சொன்னார். முதல் பக்கத்துக்காரன் இயோ அப்போது தாக் ஐயாவின் கண்ணில் படாமல் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். அங்கே முறுக்க ஒன்றும் கிடையாது.